வலிக்காத இடம்

அந்த ஆஸ்பத்திரியின் பொது வார்டில் நர்ஸை எல்லோரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே. அவளும் அதை ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டாள். நாற்பது கட்டில்; காலைச் சாப்பாட்டு வண்டி வருவதற்குள் இருபது பேருக்காவது இன்சுலின் போட்டாக வேண்டும். ஊசிக்குப் பயந்தவர்கள் “போடப் போறீங்களா சிஸ்டர்?” என்று கேட்டு முடிக்கும்போது அவள் அடுத்த கட்டிலில் நிற்பாள். பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

ஓடிக்கொண்டிருந்தவளை நிறுத்தியவர் சர்க்கரை நோயுள்ள ஒரு லாரி டிரைவர். ஆறு வருஷத்தில் நாலு தடவை அதே வார்டுக்கு வந்தவர். முதல் தடவை கால் கட்டைவிரலில் ஒரு கொப்புளம். நாலாவது தடவை முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கட்டு மாற்றும்போது அவர், மணி என்ன என்று கேட்கிற குரலில், “செருப்புக்குள்ள கல்லு முள்ளு இருக்கான்னு கையை விட்டுப் பார்த்துட்டுதான் காலை வைக்கணும்னு பக்கத்துக் கட்டில்காரர் சொல்றாரு. அப்படியா சிஸ்டர்?” என்றார். அப்படித்தான். படிக்கிற காலத்திலிருந்தே அவளுக்கு அது தெரியும். ஆறு வருஷத்தில் அந்த ஒரு வரியை அவரிடம் சொல்ல அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. அன்று மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே, அதுவரை அவள் கடந்து மட்டுமே போயிருந்த அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று ஒரு தாளைப் படித்தாள். சர்க்கரை நோய்ச் சிறப்பு நர்ஸ் பயிற்சி. முதல் படி பன்னிரண்டு வாரம்: சனிக்கிழமை வகுப்பு, மற்ற நாட்களில் செய்முறை. முப்பது பேருக்கு ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும், இருபது பேரின் பாதத்தைச் சோதிக்க வேண்டும், ஒரே ஒரு நோயாளியைப் பன்னிரண்டு வாரமும் தொடர்ந்து கவனித்து அறிக்கை எழுத வேண்டும். இரண்டாம் படி நேர்முகம். மூன்றாம் படி ஒரு வருஷப் படிப்பு, அதற்கு நாலே இடம். விண்ணப்பித்தவர்கள் பதினோரு பேர். படிப்பை முடித்தவர்களுக்குப் புறநோயாளிப் பிரிவில் தனி அறை தருவார்கள். அந்த அறையை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு மேஜையும் எதிரெதிரே இரண்டு நாற்காலியும் உண்டு. உட்கார்ந்து ஒரு மனுஷனிடம் அரை மணி நேரம் பேசலாம். அந்த நாற்காலியின் மேல் அவளுக்கு வந்த ஆசையைப் போல் வேறெதன் மேலும் அதுவரை வந்ததில்லை.

கவனிக்க வேண்டிய அந்த ஒரு நோயாளியை அவள் வெளியே தேடவில்லை. வீட்டிலேயே இருந்தார்.

மூன்றாவது மாடியில் இரண்டறை வீடு. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு, பேசினால் பயம் அதிகம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. நாலாவது ஆள், புருஷனின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல், ஜன்னலோரத்துத் தையல் மெஷினை மிதித்தே தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். பள்ளிக்கூடம் திறக்கிற காலம் வந்துவிட்டால் அந்த ஜன்னலோரம் நீலக் கால்சட்டைகளாகக் குவிந்து கிடக்கும். வெளியே மழை பெய்கிறதா வெயிலா என்பதே தெரியாது. கோணல் தையல் ஒன்று விழுந்தாலும் மொத்தத்தையும் பிரித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

நாத்தனாருக்கு இன்சுலின் ஆரம்பித்து ஒன்பது வருஷம். காலையில் பதினாறு யூனிட்டில் தொடங்கியது நாற்பத்தாறில் வந்து நின்றது. சர்க்கரை அளவு மட்டும் முந்நூறைச் சுற்றியே குடித்தனம் நடத்தியது. ‘வாயைக் கட்டணும்மா’ என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ‘நான் ஒண்ணும் திங்கறதில்லையே’ என்று நாத்தனாரும் ஒவ்வொரு தடவையும் சொல்வார். இதில் யார் சொல்வது உண்மை என்று வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

“அண்ணி, இன்னையிலேருந்து பன்னெண்டு வாரம் நீங்கதான் என் கேஸ்,” என்றாள் நர்ஸ்.

“கேஸா? போலீஸ் கேஸா, கோர்ட்டு கேஸா?”

“சுகர் கேஸ். தினம் நாலு வேளை சுகர் பார்த்து எழுதணும். என்ன சாப்பிடறீங்க, எப்ப சாப்பிடறீங்க எல்லாம் எழுதணும்.”

“அதை எழுதி நீ பாஸ் பண்ணப் போறியா? பரவாயில்லையே. என் வியாதி ஒருத்தருக்காவது பிரயோஜனப்படுது. நான் என்ன பண்ணணும்?”

“எதையும் மறைக்காம இருந்தா போதும்.”

மெஷின் நின்றது. “நான் என்னத்தை மறைச்சேன்?”

“நான் ஒண்ணும் சொல்லலையே அண்ணி.”

“சொல்லாமலே சொல்றதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே,” என்று நாத்தனார் மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

நர்ஸின் மனசுக்குள் ஓடிய கணக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளை ரொம்ப நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள். வெளி நோயாளி என்றால் அவர் வீட்டில் என்ன தின்கிறார் என்று காவல் இருக்க முடியாது. அண்ணியென்றால் முடியும். பதுக்கித் தின்பதைப் பிடித்து நிறுத்திவிட்டால் அளவு மளமளவென்று இறங்கும். இறங்கின எண்களை வரிசையாக எழுதிக் கொடுத்தால் நாலில் ஓர் இடம் தனக்குத்தான். பயிற்சி கொடுக்கிற பெண், நர்ஸைவிட ஆறு வயது இளையவள், “வீட்டு ஆளை எடுத்தா நம்ம கண்ணு சரியா பார்க்காது சிஸ்டர், யோசிச்சுக்குங்க,” என்று மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தாள். நேற்று வந்த பெண்ணுக்கு என்ன தெரியும் என்று இவள் காதிலேயே வாங்கவில்லை.

சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி அவளுடைய சீருடைப் பையில். பிஸ்கட் பொட்டலத்தில் எத்தனை மீதி என்று காலையிலும் மாலையிலும் எண்ணினாள். “அத்தை ஏதாவது சாப்பிட்டா எனக்குச் சொல்லு,” என்று மகளிடம் சொல்லிவைத்தாள். “நான் சொல்ல மாட்டேன்,” என்றது அது. “ஏன்?” “அத்தை சாப்பிடறதில்லை. அப்புறம் என்னத்தைச் சொல்றது?” பெண் அத்தை பக்கம் சாய்ந்துவிட்டது என்று நர்ஸ் முடிவு செய்தாள்.

நாலு வாரம் போயிற்று. இருநூற்று எண்பது. முந்நூற்றுப் பத்து. இருநூற்றுத் தொண்ணூறு. நோட்டில் இறங்குகிற எண் ஒன்றுகூட இல்லை. நர்ஸுக்கு ராத்தூக்கம் கெட்டது. இந்த மனுஷி எங்கே வைத்து, எப்போது தின்கிறாள்? பூட்டைப் பார்த்தும் பிடிவாதமா? எனக்கு இடம் கிடைக்கக் கூடாது என்றே செய்கிறாளா? அப்படிக்கூட ஒரு நாள் நினைத்துவிட்டாள்.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை. முந்தின நாள் மாலை, அவசரத் துணி ஒன்றைத் தைக்கும்போது மெஷின் ஊசி நாத்தனாரின் வலது கட்டைவிரலில் இறங்கிவிட்டது. விரலில் பெரிய கட்டு. ஒன்பது வருஷமாக அவர் தனக்கான இன்சுலினைத் தானேதான் போட்டுக்கொள்வார். துணி வெட்டுகிற மேஜைக்குப் பின்னால் சுவர் பக்கம் திரும்பி நின்று, யாரும் பார்க்காமல். அன்று முடியவில்லை.

“இந்தா, நீயே போடு. இந்தப் பக்கம், இங்கதான் போடுவேன்,” என்று தொப்புளுக்கு வலப்பக்கம் சட்டையைத் தூக்கப் போனார்.

பஸ்ஸுக்கு ஆறு நிமிஷம் இருந்தது. நர்ஸ் நின்றிருந்தது இடப்பக்கம். “எங்க போட்டா என்ன அண்ணி, எல்லாம் ஒரே உடம்புதானே,” என்று இடப்பக்கமே துணியை ஒதுக்கி, நாற்பத்தாறு யூனிட்டையும் ஏற்றினாள்.

“ஸ்ஸ்... வலிக்குது!”

“பழகிடும்,” என்றவள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

பத்தரை மணிக்கு வார்டு மேஜையில் இருந்த போன் அடித்தது. மகள். பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை, வீட்டில் இருந்தாள்.

“அம்மா, அத்தை என்னமோ மாதிரி இருக்காங்க. ஒரே கால்சட்டையோட ரெண்டு காலையும் சேர்த்து வெச்சுத் தைக்கறாங்க. சொன்னா கேட்கல. வேர்த்து ஊத்துது. என்னைப் பார்த்து நீ யாரு வீட்டுப் பொண்ணுங்கறாங்க.”

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது. “பயப்படாத. ஒரு டம்ளர் தண்ணியில மூணு ஸ்பூன் சக்கரை போட்டுக் கலக்கு. விழுங்கறாங்களான்னு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா குடு.”

“சக்கரை எங்கம்மா இருக்கு?”

நர்ஸின் கை சீருடைப் பைக்குள் போயிற்று. சாவி விரலில் பட்டது.

“கீழே... கீழே டீக்கடைக்கு ஓடு. போனை வைக்காத, அப்படியே போட்டுட்டு ஓடு!”

மகள் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் போனில் தையல் மெஷினின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, கடகடவென்று, துணி தீர்ந்த பிறகும் ஓடுகிற மாதிரி. நர்ஸ் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒரு கட்டத்தில் அது நின்றது. “அண்ணி! அண்ணி!” என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். பன்னிரண்டு வருஷத்தில் எக்ஸ்பிரஸ் கத்தி யாரும் கேட்டதில்லை. எவ்வளவு நேரமோ, கடைசியில் காலடிகளும், டீக்கடைக்காரரின் “வாயைத் திறங்கக்கா, திறங்க” என்ற குரலும் கேட்ட பிறகுதான் பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு அவள் வந்து சேர்ந்தபோது நாத்தனார் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மோவாயிலும் கழுத்திலும் சர்க்கரைத் தண்ணீர் பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. மகள் தானே விரலில் குத்திப் பார்த்து எழுதிவைத்திருந்தாள்: முதலில் நாற்பத்தொன்று, கால் மணி கழித்துத் தொண்ணூற்றாறு. ரொட்டித் துண்டு ஒன்று பாதி தின்றபடி கையில் இருந்தது.

நர்ஸ் கேட்ட முதல் கேள்வி இது: “காலையில சாப்பிட்டீங்களா இல்லையா?”

நாத்தனார் அவளை நிமிர்ந்து பார்த்தார். குரல் இன்னும் குழறிக்கொண்டிருந்தது. “முந்நூறு இருந்தா ஏன் தின்னேங்கற. நாப்பது ஆனா ஏன் திங்கலைங்கற. நான் என்னதான்மா பண்றது?”

“அத்தை சாப்பிட்டாங்க,” என்றாள் மகள். “முட்டையும் ரொட்டியும். நானும்தான் கூடச் சாப்பிட்டேன்.”

நர்ஸ் அலமாரியைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுத்துச் சமையல் மேடைமேல் வைத்தாள். அதற்கு மேல் அன்றைக்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் பயிற்சி கொடுக்கிற அந்த இளம்பெண் கேட்டாள்: “இங்க பதினோரு பேர் இருக்கீங்க. எல்லாரோட அனுபவத்தையும் கூட்டினா நூறு வருஷத்துக்கு மேல வரும். ஊசி போடற இடத்தை விரலால தடவிப் பார்த்துட்டுப் போடறவங்க எத்தனை பேரு? கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை.

“வருஷக்கணக்கா ஒரே இடத்துல போட்டுக்கிட்டே இருந்தா தோலுக்கடியில மெத்துனு ஒரு கட்டி வளரும். பார்த்தா தெரியாது, தொட்டாதான் தெரியும். அங்க வலி இருக்காது. அதனால அவங்க அங்கயேதான் போட்டுப்பாங்க. மருந்து அதுக்குள்ள மாட்டிக்கும், சர்க்கரை இறங்காது. டாக்டர் அளவைக் கூட்டுவாரு. அப்பவும் இறங்காது. திருட்டுத்தனமா சாப்பிடறாங்கன்னு நாமளா ஒரு முடிவுக்கு வந்துடுவோம். ஒரு நாள் யாராவது, கூட்டி வெச்ச அந்த அளவை அப்படியே நல்ல இடத்துல போட்டுடுவாங்க...”

மெல்லிய குரல் மேலே பேசிக்கொண்டே போயிற்று. நர்ஸுக்கு அதற்குப் பிறகு ஒன்றும் காதில் விழவில்லை. முகம் எரிந்தது. எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கை கழுவினாள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் நாத்தனாரிடம் போனாள். “அண்ணி, கொஞ்சம் படுங்க. வயித்தைத் தொட்டுப் பார்க்கணும்.”

“எதுக்கு? முழுங்கினதை எண்ணவா?”

“படுங்க அண்ணி.”

வெட்டு மேஜைமேலிருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு நாத்தனார் படுத்தார். நர்ஸ் விரல்களில் எண்ணெய் தொட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடப்பக்கத்திலிருந்து மெல்லத் தடவிக்கொண்டு வந்தாள். தொப்புளைத் தாண்டியதும் விரல் ஏறி இறங்கியது. மறுபடி தடவினாள். உள்ளங்கையில் பாதி அளவு.

“இது எத்தனை நாளா இருக்கு?”

“அதுவா? ரொம்ப வருஷமா இருக்கு. தோள்ல வெச்சுத் தைப்போமே பஞ்சுப் பட்டை, அது மாதிரி. அதுலதான் ஊசி போடுவேன். ஒண்ணும் தெரியாது.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரு கேட்டா?”

நர்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து அங்கேயே தங்கிப்போனதை, அளவு ஏறினதை, திங்கட்கிழமை தான் செய்ததை. நாத்தனார் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப நான் திங்கலை?”

“இல்ல அண்ணி. நீங்க திங்கலை.”

நாத்தனார் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய் மெஷினில் உட்கார்ந்தார்.  நாலு கால்சட்டை தைத்து முடித்தபிறகு, “சாப்பாடு ஆச்சா?” என்று மட்டும் கேட்டார். மன்னிப்புக் கேட்க நர்ஸ் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு, பாத்திரத்தை எடுக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு வேலை நன்றாகவே நடந்தது. டாக்டரிடம் போய்க் கட்டியைக் காட்டினார்கள். அவர் தொட்டுப் பார்த்து ‘அட’ என்றார், அளவை இருபத்தெட்டுக்குக் குறைத்தார். தினமும் இடம் மாற்றிப் போட வேண்டும், எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது என்று நர்ஸ் யோசித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார், சட்டைக்கு அளவு வெட்டுகிற காக்கித் தாளை எடுத்தார். தன் வயிற்றை டேப்பால் அளந்து, தொப்புளுக்கு ஒரு துளை, கட்டி இருக்கிற பக்கம் முழுக்கச் சாக்கட்டியால் குறுக்குக் கோடு, மற்ற இடத்தில் இரண்டு விரல் இடைவெளியில் சின்னச் சின்னத் துளைகள். தொடைக்குத் தனித் தாள். துளைகளுக்கு எண் போட்டு, ஒவ்வொரு நாள் போட்டதும் தேதி எழுதினார். பயிற்சிப் பெண் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதை நான் வகுப்புல காட்டலாமா?” என்றாள். “காட்டுங்க, ஆனா திருப்பித் தந்துடணும். மறுபடி வெட்ட எனக்கு நேரமில்ல,” என்றார் நாத்தனார்.

எண்கள் இறங்கின. இருநூற்றுப் பத்து. நூற்று எழுபது. பன்னிரண்டாவது வாரம் நூற்று நாற்பத்தைந்து. நாத்தனார் மதியம் தூங்கி வழிவது நின்றது. நூல் கோக்கக் கண்ணாடி போதும் என்றார். முன்பெல்லாம் மகளைத்தான் கூப்பிடுவார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது புருஷன் எட்டிப் பார்த்தான். “அந்தத் திங்கட்கிழமை சமாச்சாரத்தை எழுதப் போறியா என்ன? உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கப் போறியா? கட்டியைக் கண்டுபிடிச்சே, சுகரைக் குறைச்சே. அதோட நிறுத்திக்க.”

“மறைக்கச் சொல்றீங்களா?”

“மறைக்கச் சொல்லலை. எழுதாம விடச் சொல்றேன்.”

அவள் எழுதினாள். இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் நாற்பத்தாறு யூனிட் போட்டது, அலமாரியின் சாவி, நாற்பத்தொன்று, எல்லாம்.  எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது. தான் நேர்மையான மனுஷிதான் என்று அவளுக்கே ஒரு திருப்தி வந்தது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நேர்முகத்துக்கு நோயாளியையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். நாத்தனார் தானே தைத்த சாம்பல் நிற மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, காக்கித் தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அறையில் நர்ஸுகளின் தலைவி, ஒரு டாக்டர், பயிற்சிப் பெண். அறிக்கையைத் தலைவி ஏற்கெனவே படித்திருந்தார். “தன் தப்பைத் தானே இவ்வளவு தெளிவா எழுதினதை நான் பார்த்ததில்ல,” என்றார். நர்ஸ் தலை குனிந்துகொண்டாள். இடம் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் தெரிந்தது.

“உங்களைப் பத்தி எழுதினதை நீங்க படிச்சீங்களாம்மா?” என்று தலைவி நாத்தனாரைக் கேட்டார்.

“படிச்சேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒண்ணுதான் இல்ல.”

“என்ன இல்ல?”

நாத்தனார் காக்கித் தாளை மடியில் வைத்து நீவினார். “ஊசியை மாத்திப் போட்டது எழுதியிருக்கு. அது எனக்கு ஒரு நாள் மயக்கம், வந்துச்சு, போச்சு. ஒன்பது வருஷமா என்னைத் திருடின்னு நினைச்சாங்களே, அதைக் காணோம்.”

 தலைவி நர்ஸைப் பார்த்தார். “அப்படியா?”

“ஆமாம் மேடம்.”

“ஏன் எழுதலை?”

 நர்ஸ் அதை மறைக்கவில்லை. எழுத வேண்டிய ஒன்றாகவே அது அவளுக்குத் தோன்றவில்லை. அதைத்தான் சொன்னாள்: “தோணலை மேடம்.”

தலைவி பேனாவை மூடினார். “இன்னும் ரெண்டு பேரைப் பார்க்கணும். அதுக்குள்ள வெளியே உட்கார்ந்து அந்தப் பக்கத்தையும் எழுதிக் கொண்டாங்க. நாலு மணிக்குப் பேர்ப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டு ஒட்டிடுவோம். அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது.”

நடைக்கூடத்தில் ஒரு பெஞ்சு. மணி மூன்றரை. எக்ஸ்பிரஸ் உட்கார்ந்த வேகத்தில் ஐந்து வரி எழுதினாள், எழுந்தாள். என்ன தோன்றியதோ, திரும்பி வந்து நாத்தனாரிடம் வாசித்துக் காட்டினாள். “நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கவில்லை என்று குடும்பத்தினர் தவறாகக் கருதினர். இது பரிசோதனையைத் தாமதப்படுத்தியது...”

“குடும்பத்தினர்னா யாரு?”

“நாமதான். நான்.”

“கருதினர்னா?”

நர்ஸ் அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

“இதுவாம்மா ஒன்பது வருஷம்?” என்றார் நாத்தனார். கோபம் இல்லை. துணியைப் பார்த்து அளவு தப்பு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

கடிகாரம் மூணே முக்காலைக் காட்டியது. கொடுத்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம். நர்ஸ் கதவைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ஐந்து வரியையும் குறுக்கே அடித்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“நீங்களே சொல்லுங்க அண்ணி. நான் எழுதறேன்.”

நாத்தனார் முதலில் தயங்கினார். அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில், அத்தனை பேர் முன்னால், கையிலிருந்த தட்டை நர்ஸ் பிடுங்கிக்கொண்டு போனது. அந்தத் தட்டில் வெள்ளரிக்காய்தான் இருந்தது. “அன்னையிலேருந்து வெளியில போனா நான் தட்டையே கையில எடுக்கறதில்ல. உனக்குத் தெரியுமா?” தெரியாது. எழுதினாள். தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின் டிராயரைத் திறந்து தேடியது. “பொத்தானும் பாபினும்தான் இருந்துச்சு. அவனைப் படிக்கவெச்ச மெஷின் அது. மூடிட்டு ஒண்ணும் பேசாம போயிட்டான். நான் பார்த்துக்கிட்டே நின்னேன்.” எழுதினாள். “சந்தேகப்பட்டோம்னு போடாத. திருடின்னு நினைச்சோம்னு போடு.” அடித்துவிட்டு அப்படியே போட்டாள். நாத்தனாருக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்ததாம், தூக்கத்தில் எழுந்து போய்த் தின்கிறோமோ என்று. அதற்காகச் சமையலறைக் கதவில் நூல் கட்டிவைத்துவிட்டுப் படுத்திருக்கிறார், காலையில் அறுந்திருக்கிறதா என்று பார்க்க. பல நாள். நர்ஸின் பேனா அங்கே நின்றுவிட்டது.

கதவு திறந்தது. பயிற்சிப் பெண். “சிஸ்டர், மணி நாலு. எழுதின வரைக்கும் குடுங்க, போதும்.”

நாத்தனார் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். நர்ஸ், “இவங்க இன்னும் சொல்லி முடிக்கலை மேடம்,” என்றாள்.

அந்தப் பெண் ஒரு நொடி நின்றாள். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.

சொல்லி முடிக்க நாலே முக்கால் ஆயிற்று. பதினோரு பக்கம். அதற்குள் சுவரில் தாள் ஒட்டியாகிவிட்டது. நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பெயரையும் மேலிருந்து கீழே படித்தார், மறுபடி கீழிருந்து மேலே படித்தார்.

“உன் பேரு இல்லையே.”

“இல்ல அண்ணி. அடுத்த வருஷம்தான்.”

“அந்த அஞ்சு வரியைக் குடுத்திருந்தா இருந்திருக்குமா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். “இருந்திருக்கும்,” என்றாள் நர்ஸ்.

“அப்புறம் ஏன் உட்கார்ந்து எழுதின?”

“நீங்க சொன்னீங்களே அண்ணி.”

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி, முன்பு இருந்த மாதிரியே மடித்து உறையில் போட்டார். “நான் ஒன்பது வருஷமா சொல்லிக்கிட்டேதான்மா இருந்தேன்,” என்றார்.

நர்ஸ் அழுதாள். நடைக்கூடத்தில், போகிறவர் வருகிறவர் பார்க்க, பதினோரு பக்கத்தையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதாள். நாத்தனார் அவளைத் தேற்றவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. அழுது முடிகிற வரைக்கும் பக்கத்தில் நின்றார்.